கோழி வாயைப் பிளந்தால் என்ன அர்த்தம்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 5,000 கறிக்கோழி வளர்க்கிறோம். இப்போது 36 நாள், இரண்டு கிலோவைத் தொட்டுவிட்டது. மதியம் இரண்டு மணிக்கு மேல் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது, தீவனத்தைத் தொடுவதில்லை. சாயங்காலம் போனால் நல்ல எடையுள்ள கோழியாகப் பார்த்துச் செத்துக்கிடக்கிறது. நோயா, வெயிலா?
– பல்லடம் வாசகர்

பதில்: பெரியது சாகிறது, சின்னது பிழைக்கிறது, அதுவும் சாயங்காலம் என்றால் முதல் சந்தேகம் வெயில் மேல்தான். ஆனாலும் செத்ததில் இரண்டைக் கால்நடை மருத்துவரிடம் கொடுத்து அறுத்துப் பார்த்துவிடுங்கள், நோயை வெயில் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. உடம்புச் சூடே 41 டிகிரி செல்சியஸ் பக்கம். கொட்டகைக்குள் 30 டிகிரியை ஒட்டிப் போனாலே முதலில் இறக்கையை உடம்பை விட்டு விலக்கி வைக்கும், மற்ற கோழிகளிடமிருந்து தள்ளிப் போகும், தரையில் போட்ட நார்த்தூளைச் சீய்த்துவிட்டுக் குளிர்ந்த இடத்தில் வயிற்றை வைத்துப் படுக்கும். இதெல்லாம் போதாதபோதுதான் வாயைப் பிளக்கிறது, மூச்சு வழியாக ஈரத்தை ஆவியாக்கிச் சூட்டை இறக்கப் பார்க்கிறது. அந்த வேக மூச்சில் கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறி வெளியே போய் ரத்தத்தில் காரத்தன்மை ஏறிவிடும். பெரிய கோழிக்கு உடம்பு எடைக்குத் தக்க தோல் பரப்பு குறைவு, உள்ளே உண்டாகிற சூடோ அதிகம். அதனால்தான் விற்கப் போகிற வாரத்தில் இந்த நஷ்டம்.

தீவனம் தின்னவில்லையே என்று கவலைப்படாதீர்கள், உங்களைவிட கோழிக்கு விவரம் தெரியும். தின்றதைச் செரிக்கும்போது உள்ளே சூடு கிளம்பும், அது தணியப் பல மணி நேரம் ஆகும். அதனால் மதியம் ஒரு மணிக்குத் தட்டைத் தூக்குவதில் பிரயோஜனமே இல்லை, காலை ஒன்பது, பத்து மணிக்கே தூக்கிவிட்டு, வெயில் தாழ்ந்த பிறகு இறக்கி, ராத்திரி விளக்கைப் போட்டுத் தின்னவிடுங்கள். தண்ணீர் மட்டும் ஒரு நிமிஷம்கூட நிற்கக் கூடாது. சாதாரண நாளில் தின்கிற தீவனத்தைப் போல இரண்டு மடங்கு எடை தண்ணீர் குடிக்கும், கடும் வெயிலில் அது இன்னும் மேலே போகும். ஆனால் கூரைக்கு மேலே கறுப்பு டேங்கில் காய்ந்த தண்ணீரை வைத்தால் எது குடிக்கும்? டேங்குக்கு ஈரச் சாக்கு சுற்றி, ஓலை நிழல் போடுங்கள், பைப்பில் தேங்கிய சூட்டுத் தண்ணீரை மதியம் ஒன்றிரண்டு முறை திறந்துவிடுங்கள். எலக்ட்ரோலைட் (உடம்பு இழக்கும் உப்புச்சத்தை ஈடுகட்டும் மருந்து) தண்ணீரில் கலப்பதானால் காலையிலேயே.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. தண்ணீர் தெளிப்பது நல்லதுதான், ஆனால் காற்றோட்டம் இருந்தால்தான் நல்லது. காற்றே இல்லாத கொட்டகையில் ஃபாகரை (தண்ணீரைப் பனிபோலத் தூவும் கருவி) ஓடவிட்டால் இட்லிப் பானைக்குள் கோழியை வைத்த மாதிரிதான், ஈரக்காற்றில் மூச்சின் ஈரம் ஆவியாகாது. கோடை மழை பெய்து ஓய்ந்து காற்று நின்றுபோன புழுக்கமான சாயங்காலத்தை அதனால்தான் நான் 40 டிகிரி வறண்ட வெயிலைவிட அதிகமாகப் பயப்படுவேன். மின்விசிறிதான் முதல் செலவு, ஃபாகர் அதற்குப் பிறகு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உங்கள் பக்கம் வந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். அது வரும்வரை, அடுத்த பேட்ச்சில் குஞ்சுகளைக் கொஞ்சம் குறைத்து இறக்குங்கள்.

கேள்வி: குஞ்சு இறக்கி மூன்று நாள் ஆகிறது. தெர்மாமீட்டர் 33 காட்டுகிறது, குஞ்சுகள் ஓயாமல் கத்துகின்றன. ஏன்?
– உடுமலை வாசகி

பதில்: தெர்மாமீட்டரை எங்கே மாட்டியிருக்கிறீர்கள்? தூணில், உங்கள் கண் உயரத்தில் இருந்தால் அது உங்களுக்குத்தான் 33. குஞ்சின் முதுகு உயரத்துக்கு இறக்குங்கள். முதல் வாரம் அந்த உயரத்தில் 32 முதல் 34 வரை வேண்டும், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி போலக் குறைத்துக்கொண்டே வரலாம். முதல் இரண்டு வாரம் தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ள அதற்கு முழுசாகத் தெரியாது.

உண்மையில் தெர்மாமீட்டரைவிடக் குஞ்சுகளைப் பார்ப்பது மேல். பல்புக்கு அடியில் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கத்தினால் குளிர், அப்படியே விட்டால் அடியில் இருப்பது மூச்சுமுட்டிச் சாகும். குஞ்சுகளைச் சுற்றி நிறுத்திய தகட்டு ஓரமாக ஒதுங்கி, சத்தமே இல்லாமல் வாயைத் திறந்து கிடந்தால் சூடு. எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்தில் எங்கேயோ காற்று புகுகிறது, திரையைப் பாருங்கள். பரவலாகத் திரிந்து, தின்று, மெல்லிசாகப் பேசிக்கொண்டிருந்தால் சரி. சந்தேகமா, நாலைந்து குஞ்சை எடுத்துக் காலை உங்கள் கன்னத்தில் வையுங்கள், ஜில்லென்று இருந்தால் தரையே சூடாகவில்லை.

குளிருக்குப் பயந்து எல்லாத் திரையையும் இறுக்கிக் கட்டிவிடாதீர்கள். எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா கண்ணை எரிக்கும், மேலே ஒரு சாண் திறந்திருக்கட்டும்.

கேள்வி: எங்கள் வீட்டு நாட்டுக்கோழி மே மாத வெயிலிலும் மேய்கிறதே?
– தேனி வாசகர்

பதில்: உச்சிவெயிலில் மேய்வதில்லை, பாருங்கள், வேலி நிழலில் மண்ணைக் குடைந்து படுத்திருக்கும். மெதுவாக வளர்கிற உடம்பு, உள்சூடு குறைவு, இடம் மாறுகிற சுதந்திரமும் உண்டு. கறிக்கோழிக்கு இந்த மூன்றுமே இல்லை.

கேள்வி: கறிக்கடைக் கூண்டில் மூச்சிரைத்துக்கொண்டிருக்கும் கோழியை வாங்கலாமா?
– சென்னை வாசகி

பதில்: நிழலில் நிற்கிற கூண்டிலிருந்து கேட்டு வாங்குங்கள். வெயிலில் தவித்த கோழியை உடனே அறுத்தால் கறி வெளுத்து, கொழகொழவென்று, சமைக்கும்போது தண்ணீர் விட வாய்ப்பு அதிகம். வெறும் வெயில்தான் காரணம் என்றால் உடம்புக்கு ஒன்றும் செய்யாது, ருசிதான் போகும். ஆனால் கண் செருகி, தலை தொங்கி, மூக்கில் நீர் வழிந்தால் வேண்டாம்.