மாத்திரைக்குள் மூலிகை எவ்வளவு?

லாங் பஜாரில் விரலி மஞ்சள் வாங்கி அரைத்து வைத்திருக்கிறேன். மகள் '95% குர்குமின்' மாத்திரை வாங்கித் தந்திருக்கிறாள். வீட்டு மஞ்சளில் அவ்வளவு கிடையாதா? (வாசகி, சத்துவாச்சாரி)

கிடையாதும்மா. நல்ல மஞ்சளை அரைத்தாலும் 100 கிராம் தூளில் குர்குமினாய்டு (மஞ்சள் நிறம் தரும் குர்குமினும் அதன் உடன்பிறப்புகளும்) பெரும்பாலும் 2 முதல் 5 கிராம்தான் தேறும். மாத்திரையில் இருப்பது தூள் இல்லை, பிரித்தெடுத்த சாரம். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர் என்றால் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடாதீர்கள்.

அந்த 95-ஐ எப்படி அளந்தார்கள் என்பதும் முக்கியம். நிறத்தை மட்டும் அளக்கும் கருவிக்கு, கலப்படமாகச் சேர்க்கும் மெட்டானில் யெல்லோ சாயமும் மஞ்சள்தான். அதையும் சேர்த்துக் கணக்குக் காட்டிவிடும். எச்.பி.எல்.சி. கருவி ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரிக்கும். மெத்தனாலில் கரைத்துச் செலுத்தினால் திரையில் மூன்று மேடுகள் எழும்: உயரமாகக் குர்குமின், பக்கத்தில் சின்னதாக அதன் உடன்பிறப்புகள் இரண்டு. ஒரே ஒரு மேடு மட்டும் ஊசி மாதிரி நின்றால் எனக்குப் பகீரென்கிறது. செயற்கையாகத் தயாரித்த குர்குமினில்தான் அப்படி வரும்.

அமுக்கரா (அஸ்வகந்தா) மாத்திரை ஒன்றில் 2.5%, இன்னொன்றில் 5% வித்தனோலைடு என்ற சத்து இருப்பதாகச் சொல்கிறார்கள். அதிகம் உள்ளதுதானே நல்லது? (வாசகர், குடியாத்தம்)

அவசரப்படாதீர்கள். கரைத்து, வடித்து, மிஞ்சியதை எடைபோட்டுச் சொல்லும் முறையில் வேறு பொருள்களும் சேர்ந்து எண் ஏறிவிடும். இலையைக் கலந்தும் ஏற்றலாம், ஏனென்றால் வித்தனோலைடுகளில் ஒன்றான வித்தஃபெரின்-ஏ இலையில் அதிகம். பரம்பரையாக நாம் சாப்பிட்டு வந்தது கிழங்கை, அதாவது வேரைத்தான். இலையைச் சேர்க்க வேண்டாம் என்று ஆயுஷ் அமைச்சகமே 2021இல் தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது. லேபிளில் 'வேர்' என்றும், அளந்த முறையும் இருக்கிறதா பாருங்கள்.

'10:1 சாரம்' என்றால் பத்து மடங்கு வீரியமா? (வாசகர், காட்பாடி)

இல்லை. 10 கிலோ மூலிகையிலிருந்து 1 கிலோ சாரம் எடுத்தார்கள், அவ்வளவுதான். உள்ளே சத்து எவ்வளவு என்று அது சொல்லாது.

ஜவ்வாது மலை அடிவாரத்தில் நிலவேம்பு போட்டிருக்கிறோம். எப்போது அறுப்பது? (விவசாயி, ஆலங்காயம்)

பூ எடுக்கத் தொடங்கும்போது அறுங்கள். கசப்புக்குக் காரணமான ஆண்ட்ரோகிராஃபோலைடு அப்போதுதான் இலையில் நிறைந்திருக்கும். தண்டில் குறைவு. எடை கூடட்டும் என்று தண்டோடு அரைத்தால் பரிசோதனையில் அளவு இறங்கிவிடும். நிழலில் உலர்த்துங்கள்.

உங்கள் ஆய்வகத்தில் பரிசோதிக்க ஒரு மாத்திரை கொண்டுவந்தால் போதுமா? (வாசகி, ராணிப்பேட்டை)

போதாதும்மா. ஒன்றுக்கொன்று அளவு மாறும். 20 மாத்திரைகளை எடைபோட்டு, ஒன்றாகப் பொடித்து, அதிலிருந்துதான் எடுப்போம். மூடி திறக்காத டப்பாவாகக் கொண்டுவாருங்கள். பேட்ச் எண் அழியாமல் இருக்கட்டும்.