கேள்வி: அம்மாவுக்கு ரத்தத்தில் கால்சியம் அதிகம். பாராதைராய்டு கோளாறாக இருக்கலாம் என்று கை எக்ஸ்ரே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதில் தெரியுமா?

சுரப்பி தெரியாது. கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால், பெரும்பாலானவர்களுக்கு நாலு, ஒவ்வொன்றும் அரிசியளவு. எக்ஸ்ரேயில் தெரிவது அது எலும்பில் செய்து வைத்த வேலைதான்.

நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எக்ஸ்ரே எடுக்கிற ரேடியோகிராஃபர். நம் ஆட்கள் நிறைய இருக்கும் சாட்ஸ்வொர்த் பக்கமிருந்து வருகிற ஆன்ட்டிமார்களும் "கழுத்துல கோளாறுன்னா கை எதுக்குப்பா?" என்றுதான் கேட்பார்கள். பாராதைராய்டு ஹார்மோன் கூடினால் எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி ரத்தத்தில் விடும். அது நன்றாகத் தெரிகிற இடம் ஆள்காட்டி விரலும் நடுவிரலும். அவற்றின் நடு எலும்பில், கட்டைவிரலைப் பார்த்த ஓரம் கறையான் அரித்த மாதிரி பிசிறடித்திருக்கும்.

ஆனால் அந்த அளவுக்கு முற்றுமுன்பே இப்போது ரத்தப் பரிசோதனையில் பிடித்துவிடுகிறார்கள். அதனால் படம் சுத்தமாக வந்தால் நோய் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். முடிவு சொல்வது ரத்தத்தில் கால்சியமும் பிடிஎச்சும்தான் (பிடிஎச் என்பது அந்தப் பாராதைராய்டு ஹார்மோன்). கால்சியம் கூடினால் பிடிஎச் இறங்க வேண்டும். இறங்காமல் ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று நின்றாலும் சந்தேகம்தான். பலர் கோட்டை விடுவது இங்கேதான். வைட்டமின் டி, 24 மணி நேரச் சிறுநீரில் கால்சியம் இரண்டையும் பார்ப்பார்கள். எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்தால் இடுப்பு, முதுகோடு முன்கையையும் சேர்க்கச் சொல்லுங்கள். இந்த நோயில் அங்கேதான் எலும்பு அதிகம் கரையும்.

கழுத்து அல்ட்ராசவுண்ட், கதிரியக்க மருந்து ஏற்றி எடுக்கும் செஸ்டாமிபி ஸ்கேன் எல்லாம் அதற்கப்புறம், எந்தச் சுரப்பி என்று சர்ஜனுக்குக் காட்ட. அதில் ஒன்றும் தெரியாவிட்டாலும் நோய் இல்லை என்று ஆகாது. சுரப்பி நெஞ்சுக்குள்கூட ஒளிந்திருக்கும். அமெரிக்கக் கப்பல் கேப்டன் சார்லஸ் மார்ட்டெல்லுக்கு 1932-இல், ஏழாவது ஆபரேஷனில்தான் அது நெஞ்சில் கிடைத்தது.

அம்மாவுக்குச் சர்க்கரை உண்டா? சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் டெஸ்ட் பார்த்தீர்களா? சர்க்கரையாலோ வேறெதனாலோ சிறுநீரகம் கெட்டாலும் பாராதைராய்டு முடுக்கிவிடப்படும். ஆனால் அப்போது கால்சியம் பெரும்பாலும் குறைவாகவோ சரியாகவோதான் இருக்கும், வைத்தியமும் வேறு. இங்கே டயாலிசிஸில் இருக்கும் நம் ஆட்களிடம் இது சகஜம். அவர்கள் முதுகெலும்புப் படத்தில் குறுக்கே பட்டை பட்டையாக விழுவதை ரக்பி ஜெர்சி முதுகெலும்பு என்போம், ரக்பி ஆட்டக்காரர்களின் குறுக்குக் கோடு போட்ட சட்டை மாதிரி இருப்பதால். ரக்பி பைத்தியம் பிடித்த இந்த ஊரில் விளக்கமே தேவையில்லை.

சரி, படத்துக்குப் போகும்போது மோதிரம், வளையல் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைக்கச் சொல்லுங்கள். பழைய கை எக்ஸ்ரே இருந்தால் எடுத்துப் போங்கள், ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.