அழுவதால் ஆயுள் குறையுமா?

கேள்வி: என் மனைவிக்கு 52 வயது. மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டது. புதுச்சேரிக்கு பஸ்ஸில் போய்வந்து கீமோ எடுக்கிறோம். ‘கவலைப்பட்டால் கார்டிசால் ஏறும், ஆயுள் குறையும்’ என்று பார்க்க வருகிற உறவினர்கள் சொல்கிறார்கள். பகலில் சிரித்துப் பேசுகிறாள். இரவில் விளக்கைப் போடாமல் சமையலறையில் அழுகிறாள். கார்டிசால் பரிசோதனை செய்யலாமா?
- ஒரு வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: ஐயா, பார்க்க வருகிறவர்களிடம் அந்தப் பேச்சை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். நோயின் பாரம் போதாதென்று, நோய் முற்றினால் அந்தப் பழியும் அவருக்கா?

கார்டிசால், சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் இருக்கும் அட்ரீனல் சுரப்பியில் சுரக்கும் ஹார்மோன். காலையில் உச்சத்துக்கு ஏறி, பொழுது சாயச் சாய இறங்கி, நள்ளிரவில் அடங்கும். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், நோய் பரவிய 104 பெண்களின் எச்சிலை மூன்று நாள் எடுத்துச் சோதித்து, 2000ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். இந்த ஏற்ற இறக்கம் தட்டையாகிப் போன பெண்கள் மற்றவர்களைவிட முன்னதாக இறந்திருந்தார்கள். அழுத பெண்கள் முன்னதாக இறந்தார்கள் என்பதல்ல அந்த முடிவு. நோயே இந்த ஒழுங்கைக் குலைக்கலாம்; கெட்ட தூக்கமும் குலைக்கலாம்.

2001இல் வெளியான கனடா ஆய்வு ஒன்றில், இதேபோல் நோய் பரவிய 235 பெண்கள். குழுவாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேசியதில் ஆயுள் கூடவில்லை. ஆனால் மிகுந்த வேதனையில் இருந்தவர்களுக்கு மனவேதனையும் வலியும் குறைந்தன. அது சின்ன விஷயமா?

பரிசோதனைக்குப் பணம் செலவழிக்காதீர்கள். அந்த எண்ணைப் பார்த்து யாரும் கீமோவை மாற்றப் போவதில்லை. அதைவிட, கீமோவோடு கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்தான டெக்ஸாமெத்தசோன் மாத்திரை கொடுத்திருக்கிறார்களா, எந்த வேளையில் போடுகிறார் என்று பாருங்கள். மாலையில் போட்டால் தூக்கம் கெடும். காலைச் சாப்பாட்டுக்குப் பின் கொடுக்கலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. எலும்பு வலி இரவில் கூடுகிறதா என்பதையும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். வலிக்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன. மார்ஃபின் என்றதும் பயந்து பலர் வேண்டாம் என்கிறார்கள், பயப்பட வேண்டாம்.

என் அக்காவுக்கு இந்த நோய் வந்தபோது, டாக்டரான நானே ‘அழாதே அக்கா’ என்றேன். அதற்குப் பிறகு என் முன்னால் அவள் அழவே இல்லை. வலியையும் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லை இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இன்று இரவு அவர் சமையலறைக்குப் போனால் நீங்களும் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். ‘எங்கே வலிக்கிறது?’ என்று கேளுங்கள்.