வாசகர் கேள்வி பதில்: இங்கிலாந்துச் சபைகளின் இலையுதிர்காலம்

கடந்த சில வாரங்களில் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, இங்கிலாந்தில் வாழும் பிள்ளைகளைப் பார்க்கச் சென்ற பெற்றோரும் அங்கே படிக்கும் மாணவர்களும் எழுதியவை. செப்டம்பர் கடைசி முதல் நவம்பர் கடைசி வரை அங்குள்ள ஆலயங்களில் கண்டவற்றைப் பற்றியே எல்லாரும் கேட்டிருப்பதால், இந்த இதழில் அக்கடிதங்களுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

பர்மிங்காமில் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது, அக்டோபர் முதல் ஞாயிறன்று, விளைச்சலுக்கு நன்றி செலுத்தும் அறுப்பின் பண்டிகை ஆராதனைக்குச் சென்றேன். பீடத்துக்கு முன்னால் பீன்ஸ் டின்களையும் பாஸ்தா பொட்டலங்களையும் பற்பசையையும் அடுக்கி வைத்திருந்தார்கள். நம் ஊரில் தோட்டத்தின் முதல் வாழைத்தாரையும் வீட்டில் வளர்த்த கோழியையும் அல்லவா கொண்டு வருகிறோம்? கடையில் வாங்கிய டின்னை ஆண்டவருக்கு முதற்பலன் என்று படைப்பது முறையா?
(வாசகி, நாசரேத்)

முறைதான் அம்மா. ஆனால் உங்கள் மனம் சங்கடப்பட்டதில் நியாயம் இருப்பதால், அந்தப் பண்டிகை நடந்து வந்த வழியைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

பழைய இங்கிலாந்தில் ஆகஸ்ட் 1ஆம் தேதி புதுக் கோதுமையில் சுட்ட அப்பத்தை ஆலயத்துக்குக் கொண்டுவரும் 'லாமஸ்' என்ற திருநாள் இருந்தது. 'அப்பத் திருப்பலி' என்பதே அந்தச் சொல்லின் பொருள். சீர்திருத்தக் காலத்துக்குப் பின் அந்த வழக்கம் மங்கிப்போயிற்று. 1843இல் கார்ன்வால் கடலோரத்தில் உள்ள மோர்வென்ஸ்டோ என்ற சிற்றூரின் ஆயர் ராபர்ட் ஸ்டீபன் ஹாக்கர், அக்டோபர் முதல் ஞாயிறன்று தம் சபையாரை நன்றி ஆராதனைக்கு அழைத்து, புது விளைச்சலின் மாவில் செய்த அப்பத்தைத் திருவிருந்தில் பகிர்ந்தார். இன்று நாம் காணும் அறுப்பின் பண்டிகை அங்கிருந்தே நாடெங்கும் பரவியது என்பார்கள். திருச்சபை நாட்காட்டியில் அதற்கு நிலையான தேதி கிடையாது. செப்டம்பர் பிற்பகுதிக்கும் அக்டோபர் நடுவுக்கும் இடையில், பெரும்பாலும் அறுவடை நிலவு எனப்படும் முழுநிலவை ஒட்டிய ஒரு ஞாயிறை ஒவ்வொரு சபையும் தெரிந்துகொள்ளும். நம் ஊர்களிலும் ஒவ்வொரு சபை ஒவ்வொரு மாதத்தில் இந்தப் பண்டிகையை வைத்துக்கொள்வதை நீங்கள் அறிவீர்கள்.

கிராமத்து ஆலயங்களில் இன்றும் ஜன்னல் விளிம்புகளில் ஆப்பிளும் பூசணியும் லீக்ஸும் உருளைக்கிழங்கும் நிறைந்திருக்கும். கோதுமைக் கட்டின் வடிவத்தில் சுட்ட பெரிய ரொட்டி ஒன்று பீடத்தருகே நிற்கும். அதன் கதிர்த்தண்டில் ஏறும் ஒரு சின்னஞ்சிறு எலியையும் மாவிலேயே செய்து ஒட்டுவது ரொட்டி சுடுவோரின் வழக்கம். ஆனால் பர்மிங்காம் போன்ற தொழில் நகரத்தில், ஐந்தாவது மாடியில் குடியிருக்கும் குடும்பத்துக்கு ஏது முதல் வாழைத்தார்? நகரத்துச் சபையார் பல காலம் பழக்கடையில் வாங்கிய பழங்களால்தான் ஆலயத்தை அலங்கரித்து, பின்னர் அவற்றை நோயாளிகளுக்கும் முதியோருக்கும் பகிர்ந்து கொடுத்தார்கள். 1997இல் தொடங்கிய டிரசல் அறக்கட்டளை, 2000ஆம் ஆண்டில் சாலிஸ்பரி நகரில் தன் முதல் உணவு வங்கியைத் திறந்தது. பின்னர் அத்தகைய உணவு வங்கிகள் நாடெங்கும் பெருகி, அவற்றுள் பல ஆலயக் கூடங்களிலேயே இயங்குகின்றன. பசித்து வருகிறவருக்குக் கொடுக்கும்வரை பல நாள் கெடாமல் இருக்க வேண்டும் என்பதால், அவை டின்களையும் நெடுநாள் கெடாத பாலையும் அரிசியையும் சோப்பையும் பற்பசையையும் கேட்கின்றன. நீங்கள் பார்த்த அடுக்கு அந்த வாரமே அப்படி ஓர் உணவு வங்கிக்குப் போயிருக்கும்.

உபாகமம் 26ஆம் அதிகாரத்தில் முதற்பலனைக் கூடையில் வைத்துக் கொண்டுவரச் சொன்ன அதே நியாயப்பிரமாணம், நம் நடுவே தங்கியிருக்கும் அந்நியனான பரதேசியும் அந்த நன்மையில் சேர்ந்து மகிழ வேண்டும் என்றும் சொல்கிறது. லேவியராகமம் 23ஆம் அதிகாரம், வயலின் ஓரத்தை முற்றும் அறுக்காமல் எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடும்படி கட்டளையிடுகிறது. வயல் இல்லாத நகரத்தாருக்குச் சம்பளமே விளைச்சல், அந்த டின்னே வயலின் ஓரம். கடையில் வாங்கிய அலங்காரப் பழத்தைவிட, பெறப்போகிறவர் கேட்ட பொருளைக் கேட்டபடியே கொடுப்பது அந்தக் கட்டளைக்கு நெருக்கமானது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். வீட்டு அலமாரியில் தேதி கடந்து கிடப்பவற்றைக் கழித்துக் கொடுப்பது காணிக்கை ஆகாது. மகனிடம் சொல்லி, எந்தப் பொருள் குறைவாக இருக்கிறது என்று உணவு வங்கியில் கேட்டறிந்து வாங்கச் சொல்லுங்கள்.

டின்களுக்கு நடுவில் ஒரு ரொட்டியாவது ஒரு கதிர்க்கட்டாவது இருக்க வேண்டும் என்பதிலும் எனக்குப் பிடிவாதம் உண்டு. உணவு மண்ணிலிருந்து வருகிறது என்பதை நகரத்துப் பிள்ளைகள் ஆண்டில் ஒரு முறையேனும் கண்ணால் பார்க்கட்டும். பண்டிகையை ஒட்டி நடக்கும் அறுப்பு விருந்துக்கும் நீங்கள் போயிருக்கலாம். சபையார் எல்லாரும் சேர்ந்து உண்ணும் நம்முடைய அசனத்துக்கும் அதற்கும் தொலைவு அதிகமில்லை. விருந்து முடிந்ததும் காய்கனிகளை ஏலம் விடும் ஊர்கள்கூட அங்கே உண்டு.

நாங்கள் கடலை நம்பிப் பிழைப்பவர்கள். கதிரும் அரிவாளும் எங்களுக்குச் சொந்தமில்லை. இங்கிலாந்தில் மீனவருக்கு இப்படி ஒரு பண்டிகை உண்டா?
(வாசகர், கன்னியாகுமரி மாவட்டக் கடலோர ஊர்)

உண்டு. கடல் விளைச்சலுக்கு நன்றி செலுத்தும் ஆராதனை கடலோரச் சபைகள் பலவற்றில் நடக்கிறது. லண்டனில் பழைய பில்லிங்ஸ்கேட் மீன்சந்தைக்கு அருகிலுள்ள புனித மரியா ஆலயத்தில் ஆண்டுதோறும் அக்டோபரில் இது நடைபெறும்போது, மீன்களையும் நண்டுகளையும் அழகாகப் பரப்பிவைப்பார்கள்.

முந்தைய பதிலில் சொன்ன ஹாக்கர் ஆயரும் கடற்கரைக்காரர்தாம். பாறைகள் நிறைந்த அவருடைய கரையில் கப்பல்கள் அடிக்கடி உடையும். கரை ஒதுங்கும் மாலுமிகளின் உடல்களைத் தேடியெடுத்துத் தம் ஆலயத் தோட்டத்தில் கிறிஸ்தவ முறைப்படி அடக்கம் செய்வதை அவர் தம் கடமையாகக் கொண்டிருந்தார். 1842 செப்டம்பரில் 'கலிடோனியா' என்ற கப்பல் அங்கே உடைந்தது. அதன் தலைவனும் மாலுமிகளும் அடக்கமான இடத்தில் கப்பலின் முகப்புச் சிற்பத்தையே அடையாளமாக நிறுத்தினார்கள். மூலச் சிற்பம் இப்போது ஆலயத்துக்குள் பாதுகாக்கப்படுகிறது. வெளியே அதன் நகல் நிற்கிறது. இது நடந்து ஓராண்டு கழித்துத்தான் அவர் அந்த அறுப்பின் ஆராதனைக்கு அழைப்பு விடுத்தார். கடல் பறித்துக்கொண்டவர்களை அடக்கம் செய்த கைகளே நன்றியின் அப்பத்தையும் பிட்டன என்பதை உங்கள் ஊரார் மற்றவர்களைவிட நன்றாக உணர்வார்கள்.

நான் லீட்ஸில் படிக்கிறேன். என் அப்பா இந்த ஆண்டு மே மாதம் ஊரில் காலமானார். அடக்கத்துக்குக்கூட என்னால் போக முடியவில்லை. இங்குள்ள ஆலயத்தில் நவம்பர் தொடக்கத்தில் மரித்தவர்களின் பெயர்களை வாசிக்கும் ஆராதனை இருக்கிறதாம். மரித்தவர்களுக்காக ஜெபிப்பது நம் போதனை அல்ல என்று ஊரிலுள்ள பெரியப்பா தடுக்கிறார். அப்பாவின் பெயரை நான் கொடுக்கலாமா?
(மாணவி, லீட்ஸ்)

கொடுங்கள் மகளே. தயங்காமல் கொடுங்கள்.

உங்கள் பெரியப்பா சொல்வதற்கும் வரலாறு உண்டு. நவம்பர் 1 சகல பரிசுத்தவான்களின் திருநாள். அதற்கு மறுநாளை மரித்த விசுவாசிகள் எல்லாருக்கும் உரிய நாளாக, பிரான்சில் உள்ள குளூனி மடத்தின் தலைவர் ஓடிலோ பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஏற்படுத்தினார். மரித்த ஆத்துமாக்கள் மோட்சத்துக்கு முன் சுத்திகரிக்கப்படும் இடமாகிய உத்தரிக்கும் ஸ்தலம் பற்றிய போதனையோடு அது பின்னிக் கிடந்ததால், சீர்திருத்தக்காரர்கள் ஆங்கிலத் திருச்சபையின் ஜெபப் புத்தகத்திலிருந்து அதை நீக்கினார்கள். முதல் உலகப் போரில் பிள்ளைகளை இழந்து, அடக்கம் செய்ய உடலும் கிடைக்காத பெற்றோர் தேசமெங்கும் இருந்த காலத்தில், மரித்தோரை ஆலயத்தில் பெயர் சொல்லி நினைக்கும் வழக்கம் மறுபடியும் வேரூன்றியது. அடக்கத்துக்குப் போக முடியாத துயரம் உங்களுடையது மட்டுமல்ல என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இன்று பல சபைகளில் அந்த ஆண்டு அடக்க ஆராதனை நடந்த குடும்பங்கள் அனைத்துக்கும், அவர்கள் ஆலயத்துக்கு வருகிறவர்களானாலும் வராதவர்களானாலும், அழைப்புக் கடிதம் போகிறது. பெயர்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்படும். வந்தவர்கள் எழுந்து போய் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். மரித்தவரின் கதியை மாற்றும்படி ஜெபிப்பது வேறு, அவர் வாழ்ந்த வாழ்க்கைக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லி, மரித்தவரைக் கடவுளின் கரத்தில் ஒப்புவிப்பது வேறு. இரண்டாவதில் உங்கள் பெரியப்பாவுக்கும் மறுப்பு இருக்காது. நம் ஊர்களிலும் நவம்பர் 2 கல்லறைத் திருநாளன்று கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றும் சீர்திருத்தச் சபைக் குடும்பங்கள் எத்தனையோ இருக்கின்றன என்று அவரிடம் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள்.

பெயர் எழுதும் தாள் பெரும்பாலும் ஆலயத்தின் பின்புறத்தில் வைக்கப்பட்டிருக்கும். சபை அலுவலகத்திலும் கொடுக்கலாம். அப்பாவின் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதுவதோடு நின்றுவிடாமல், வாசிக்கப்போகிறவரைச் சில நிமிடங்கள் முன்னதாகச் சந்தித்து எப்படி உச்சரிப்பது என்று சொல்லிக்கொடுங்கள். அது தொந்தரவு என்று எண்ண வேண்டாம். நான் அறிந்த ஆயர்கள் அதை மகிழ்ச்சியோடு கேட்டு, தாளில் குறித்துக்கொள்வார்கள்.

நவம்பரில் எல்லாரும் போரில் இறந்தவர்களின் நினைவாகச் சிவப்புப் பாப்பி மலர் அணிகிறார்கள். ஆலயத்துக்குள்ளேயே போரில் இறந்தவர்களின் பெயர்ப் பலகை இருக்கிறது. நம்மை ஆண்டவர்களின் போர்களை நாம் ஏன் நினைக்க வேண்டும்?
(வாசகர், லெஸ்டர்)

1918 நவம்பர் 11 அன்று முதல் உலகப் போர் ஓய்ந்தது. மறு ஆண்டு அதே நாளில் முதன்முறையாக இரண்டு நிமிட மௌனம் கடைப்பிடிக்கப்பட்டது. இப்போது நவம்பர் இரண்டாம் ஞாயிறு நினைவு ஞாயிறாக இருக்கிறது. மணியின் நாவில் ஒரு பக்கம் மட்டும் தோலுறை கட்டி அடிப்பதால், ஒரு முறை உரத்தும் அடுத்த முறை தொலைவிலிருந்து கேட்பதுபோலவும் ஒலிக்கும் அந்த ஆலய மணியை ஒருமுறை கேட்டவர் மறக்க மாட்டார்.

உங்கள் கேள்வி நேர்மையானது. ஆயினும் அவை நம் பிள்ளைகளின் போர்களாகவும் ஆக்கப்பட்டன. முதல் உலகப் போரில் ஏறத்தாழ 13 லட்சம் இந்தியர் பணியாற்றினர். சுமார் 74,000 பேர் உயிரிழந்தனர். அந்த ஞாயிறன்று பல இடங்களில் சொல்லப்படும் புகழ்பெற்ற வாசகம், உங்கள் நாளைய தினத்துக்காக எங்கள் இன்றைய தினத்தைக் கொடுத்தோம் என்று வீட்டாரிடம் போய்ச் சொல்லச் சொல்வது, நாகாலாந்தின் கோஹிமாவில் 1944ஆம் ஆண்டுப் போரில் இறந்தவர்களின் நினைவுக்கல்லில் பொறிக்கப்பட்டது. ஆகவே மௌனத்தில் நில்லுங்கள். அதோடு, இந்தியப் படைவீரரையும் ஜெபத்தில் குறிப்பிடும்படி ஆயரிடம் முன்கூட்டியே கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

அக்டோபர் 31 ஹாலோவீன் வேடத்துக்குப் பேரனை அனுப்பலாமா?
(வாசகர், மதுரை)

அந்தப் பெயருக்கே 'சகல பரிசுத்தவான்களின் திருநாளுக்கு முந்தைய மாலை' என்றுதான் பொருள். அன்று மாலை பல சபைகள் சிறுவர்களுக்கு 'ஒளி விருந்து' நடத்துகின்றன. விளக்கும் விளையாட்டும் இனிப்பும் இருக்கும். பேரனை அங்கே அனுப்பச் சொல்லுங்கள். பெற்றோர் எடுக்க வேண்டிய முடிவு என்பதால் இதற்குமேல் நான் சொல்லவில்லை.

மகளின் பிரசவத்துக்காக மான்செஸ்டர் வந்திருக்கிறேன். மாலை நான்கரைக்கே இருட்டிவிடுகிறது. மருமகனும் மகளும் வேலைக்குத் திரும்பிய பின் பகலெல்லாம் யாரிடமும் பேசாமல் இருக்கிறேன். எனக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான் வரும். ஆலயத்தில் எனக்கு ஏதாவது இடம் இருக்குமா?
(வாசகி, திருச்சி)

இருக்கிறது அம்மா. ஞாயிறு ஆராதனையைவிட வாரநாட்களின் கூடுகைகளே உங்களுக்கு அதிக ஆறுதல் தரும். பெரும்பாலான சபைகளில் ஒரு காலை வேளை காபி கூடுகையும், முதியோருக்கான மதிய உணவும், பின்னல் குழுவும், கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கான கூடுகையும் நடக்கும். பேரக்குழந்தையை எடுத்துக்கொண்டு போனால் மொழி ஒரு தடையாகவே இராது. 2022இல் மின்சார, எரிவாயுக் கட்டணங்கள் கடுமையாக உயர்ந்த பின், வீட்டைச் சூடாக்க வசதியில்லாதவர்கள் வந்து உட்காரும்படி பல ஆலயங்கள் தங்கள் கூடங்களைக் குளிர்காலத்தில் திறந்து வைக்கின்றன. அங்கே யாரும் வரலாம். ஏன் வந்தீர்கள் என்று எவரும் கேட்பதில்லை.

கிறிஸ்துமஸுக்கு ஆயத்தப்படும் திருவருகைக்காலத்துக்கு முந்தைய ஞாயிறன்று கட்டாயம் போங்கள். பழைய ஜெபப் புத்தகத்தில் அந்த ஞாயிறுக்குரிய ஜெபம், விசுவாசிகளின் சித்தத்தைக் கிளறி எழுப்பும்படி ஆண்டவரை வேண்டித் தொடங்குகிறது. கிறிஸ்துமஸ் புட்டிங்கைக் கிளறி வைக்க வேண்டிய நேரம் அது என்பதை வீட்டுப் பெண்கள் அந்தச் சொல்லிலிருந்தே நினைவில் வைத்துக்கொண்டதால், 'கிளறும் ஞாயிறு' என்ற பெயரும் நிலைத்தது. சில சபைகளில் ஆராதனை முடிந்ததும் பெரிய பாத்திரத்தில் உலர்திராட்சையும் மாவும் வாசனைப் பொருட்களும் கலந்து, பிள்ளைகள் முதல் பாட்டிமார் வரை ஒவ்வொருவராக வந்து ஒருமுறை கிளறுவார்கள். குழந்தை இயேசுவைக் காணக் கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகளை நினைத்துக் கரண்டியைக் கிழக்கிலிருந்து மேற்காகச் சுற்றுவது வழக்கம். உங்கள் முறை வரும்போது அப்படியே சுற்றுங்கள். பட்டையும் சாதிக்காயும் மணக்கும் அந்தப் பாத்திரத்தருகே நிற்க உங்களுக்கு மொழி தேவைப்படாது.