கேமரா கேள்வி–பதில்: கிடைக்காத பிலிமும் கைவிடாத கேமராவும்

கேள்வி: தாத்தா வைத்திருந்த கோடக் பிரவுனி பெட்டிக் கேமரா வீட்டில் இருக்கிறது. உள்ளே 620 என்று போட்டிருக்கிறது. அந்த பிலிம் எங்குமே கிடைக்கவில்லை. 120 பிலிமைப் போட்டுப் படம் எடுக்கலாமா? (வாசகர், மோல்மேன்)

தாராளமாக எடுக்கலாம். 620 சுருளை 1930-களின் தொடக்கத்தில் கொண்டுவந்த கோடக், 1995-இல் நிறுத்திவிட்டது. ஆனால் பிலிமின் அகலமும், அதோடு சேர்த்துச் சுற்றியிருக்கும் பின்காகிதத்தின் எண் வரிசைகளும் 120-இல் உள்ளவைதான். வித்தியாசம் உருளையில் மட்டுமே. 620-இன் தண்டு மெல்லியது, இரு முனைத் தட்டுகளும் சிறியவை. 120 உருளையின் தட்டை அரத்தால் தேய்த்து உள்ளே திணிப்பவர்கள் உண்டு. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பாதிச் சுருளில் இறுகி நின்றுவிடும், மேலும் திருகினால் காகிதம் கிழியும். 620 உருளைக்கு மாற்றிச் சுற்றுவதுதான் ஒழுங்கான வழி.

620 உருளை இரண்டு வேண்டும். ஒன்று பெரும்பாலும் கேமராவுக்குள்ளேயே கிடக்கும். அதோடு 120-இன் வெற்று உருளை ஒன்று. வீணான சுருள் ஒன்றை வைத்து, வெளிச்சத்தில் நாலைந்து தடவை பழகிவிட்டு இருட்டுக்குப் போங்கள். இருட்டு என்றால் முழு இருட்டு. கதவிடுக்கில் துணி அடையுங்கள். மின்வெட்டு இரவில்கூட பக்கத்து வீட்டு இன்வர்ட்டர் விளக்கு ஜன்னல் வழியே வரும்.

முதலில் 120 சுருளை வெற்று 120 உருளைக்குச் சுற்றுங்கள். பிலிமின் தலைமுனை மட்டும்தான் காகிதத்தில் ஒட்டியிருக்கும், வால் சும்மா கிடக்கும். இப்போது வால் வெளிப்பக்கம் வந்துவிடும். அதை விரலால் தடவிப் பிடித்து, காகிதத்தோடு சேர்த்து 620 உருளைக்கு மறுபடி சுற்றுங்கள். எண் அச்சிட்ட பக்கம் எப்போதும் வெளியே இருக்க வேண்டும், சுற்று தளரக் கூடாது. ஒட்டுநாடா இருக்கும் முனைக்கு வரும்போது பிலிம் சில மில்லிமீட்டர் உப்பி நிற்கும். எல்லோரும் கோட்டைவிடும் இடம் இது. அப்படியே அமுக்கினால் அங்கே மடிப்பு விழும். நாடாவை மெதுவாகத் தூக்கி, பிலிமை நீவிவிட்டு, அது தானாக நிற்கும் இடத்தில் மறுபடி ஒட்டுங்கள்.

பின்பக்கச் சிவப்புச் சன்னலைக் கறுப்பு நாடாவால் மூடிவிடுங்கள். அந்தக் காலத்து பிலிம் பலவற்றுக்குச் சிவப்பு ஒளி தெரியாது. இன்றைய பிலிமுக்குத் தெரியும். நிழலில் நின்று, எண் பார்க்கும் நேரம் மட்டும் நாடாவைத் தூக்கினால் போதும். பெட்டிக் கேமராவின் ஷட்டர் ஏறக்குறைய 1/50 விநாடி. நல்ல வெயிலுக்கு ஐ.எஸ்.ஓ. (பிலிமின் ஒளி உணர்வு) 100, மே முதல் அக்டோபர் வரையிலான உங்கள் ஊர் மழை மூட்டத்துக்கு 400. லேபில் கொடுக்கும்போது “உருளையைத் திருப்பித் தரவும்” என்று சுருள்மேலேயே எழுதுங்கள். வெற்று உருளை என்று குப்பையில் போட்டுவிடுவார்கள். அது போனால் கேமராவும் போன மாதிரிதான்.

கேள்வி: டிரங்குப் பெட்டியில் எடுத்து முடித்த கலர் சுருள் ஒன்று கிடைத்தது. மேலே சி-22 என்று இருக்கிறது. கழுவ முடியுமா? (வாசகி, பெகு)

கலரில் முடியாது. கறுப்பு–வெள்ளையில் முகம் தெரிய வாய்ப்பு உண்டு. சி-22 என்பது கலர் பிலிமைக் கழுவும் பழைய முறை. அதற்கு அடுத்து 1972-இல் வந்தது சி-41. அதன் குளியல் 38 டிகிரி. பழைய பிலிமின் பூச்சு அவ்வளவு சூட்டைத் தாங்காது, இளகி உரிந்துவிடும். எந்த லேப் “எல்லாம் ஒன்றுதான்” என்று சொன்னாலும் சி-41 எந்திரத்தில் விட அனுமதிக்காதீர்கள்.

கறுப்பு–வெள்ளை டெவலப்பரில் 20 டிகிரியில் கழுவ வேண்டும். ஹெச்.சி.-110 டெவலப்பர் என்றால் 1+31 கலவை, அதாவது ஒரு பங்கு மருந்துக்கு 31 பங்கு தண்ணீர். பழைய பிலிமில் படியும் புகைமூட்டத்தை அது குறைவாகவே கிளப்பும். ஒரு துண்டை மட்டும் வெட்டி 7 நிமிடம் கழுவிப் பாருங்கள். ஒரு படம் போகலாம், மற்றவை பிழைக்கும். குழாய்த் தண்ணீர் வெதுவெதுப்பாகவே வரும். அதனால் கரைசல் பாட்டிலை ஐஸ் போட்ட வாளியில் நிறுத்துங்கள், ஐஸைக் கரைசலுக்குள் போடாதீர்கள். நெகட்டிவ் ஆரஞ்சு நிறத்தில் கனத்துத் தெரியும். அது பழுதல்ல, ஸ்கேனர் ஊடுருவிப் படித்துவிடும். காகிதத்து எண்கள் படத்தின்மேல் பதிந்திருந்தால் ஈரம் செய்த வேலை, அதை எடுக்க வழியில்லை.

கேள்வி: அட்வான்டிக்ஸ் கேமராவில் எடுத்த கல்யாணப் படங்களை அப்போது நீள நீளமாகப் பிரிண்ட் போட்டார்கள். பெரியவர்கள் பலருக்குத் தலை இல்லை. ஏதாவது செய்ய முடியுமா? (வாசகி, ரங்கூன்)

முடியும் அம்மா, பிரிண்டைப் பார்த்து மனம் உடையாதீர்கள். அட்வான்டிக்ஸ் என்பது ஏ.பி.எஸ். பிலிம் போடும் கோடக் கேமரா. ஏ.பி.எஸ். கேமராவில் எந்தப் பிரிண்ட் அளவைத் தேர்ந்தெடுத்தாலும் பிலிமில் முழுப் படமே விழும். நீளப் படம் என்பது பிரிண்ட் போடும்போது மேலும் கீழும் வெட்டியது. எடுக்கும்போதே சட்டத்துக்கு வெளியே போகாத தலைகளெல்லாம் நெகட்டிவில் இருக்கும். நெகட்டிவ் சிறிய கூட்டுக்குள்ளேயே சுருண்டிருக்கும். கூட்டின் அடியில் 4-ஆம் எண், செவ்வகக் குறி வெள்ளையாகத் தெரிந்தால் கழுவியது. 3-ஆம் எண், பெருக்கல் குறி வெள்ளையாக இருந்தால் எடுத்து முடித்தும் கழுவாதது, அதைத் திறக்கவே கூடாது. ஸ்கேன் செய்பவரிடம் “முழுச் சட்டமும் வேண்டும்” என்று கேளுங்கள்.

கேள்வி: 126 இன்ஸ்டமேட்டிக்கின் காலிக் கூட்டில் 35 மி.மீ. பிலிமை வெட்டிப் போட்டேன். ஒரு படத்துக்குப் பிறகு சுற்றும் சக்கரம் தடுமாறுகிறது. (வாசகர், தாட்டோன்)

அகலம் ஒன்றுதான், துளைதான் வேறு. 126-இல் ஒரு படத்துக்கு ஒரே துளை. கேமராவுக்குள் இருக்கும் சிறு முள் அதில் விழுந்ததும் சக்கரம் பூட்டிக்கொள்ளும். 35 மி.மீ. பிலிமில் வரிசையாகத் துளைகள் இருப்பதால் முள் உடனுக்குடன் விழுகிறது. லென்ஸை உள்ளங்கையால் இறுக மூடி, ஷட்டரை அழுத்தி, மறுபடி சுற்றுங்கள். ஒரு படத்துக்கு இரண்டு மூன்று முறை இப்படிச் செய்ய வேண்டியிருக்கும். கூட்டின் பின்சன்னலையும் நாடாவால் மூடுங்கள். உங்கள் பிலிமுக்குப் பின்காகிதம் கிடையாது.