தகவல மையமா வச்ச நெட்வொர்க்ல (information-centric network) ரூட்டிங்கையும் கேஷிங்கையும் ஏன் சேர்த்தே முடிவு பண்ணணும்?

இப்ப இருக்கிற இன்டர்நெட்ல ஒரு வீடியோ கேட்டா ரிக்வெஸ்ட் ஏதோ ஒரு சர்வரோட அட்ரஸுக்குத்தான் போகும். 2009ல நெட்வொர்க் ஆராய்ச்சியாளர் வான் ஜேக்கப்சனோட குழு முன்வச்ச மாதிரியான, தகவல மையமா வச்ச நெட்வொர்க்ல பொருளோட பேரச் சொன்னா போதும், வழியில எந்த ரவுட்டர்கிட்ட காப்பி இருக்கோ அதுவே எடுத்துக் குடுத்துரும். காப்பி எடுத்து வைக்கிறது கேஷிங், ரிக்வெஸ்ட எந்தப் பக்கம் அனுப்புறதுங்கிறது ரூட்டிங்.

சிங்கப்பூர்ல அடுக்குமாடி புளோக் கீழ இருக்கிற மாமா கடைய, அதாவது சின்ன மளிகைக் கடைய, நெனச்சுப் பாருங்க. பக்கத்துப் பக்கத்து புளோக்ல ரெண்டு கடை, ரெண்டுலயும் இடம் கொஞ்சம்தான், அவங்கவங்க கிட்ட இருக்கிற கடைக்கே போனா ரெண்டு பேரும் நல்லா ஓடுற இட்லி மாவையே அடுக்குவாங்க, முருங்கைக்கா வேணும்னா தேக்கா மார்க்கெட்டுக்கு பஸ் ஏறணும். ஆளுங்கள கொஞ்சம் மாத்தி அனுப்பினா ஒண்ணுல மாவு, இன்னொண்ணுல முருங்கைக்கா, யாரும் தேக்கா போக வேணாம். கடைதான் ரவுட்டர், அடுக்குறது கேஷிங், ஆள அனுப்புறது ரூட்டிங், ரெண்டையும் சேர்த்து முடிவு பண்ணாத்தான் இது நடக்கும். எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சதே இதான், சில நேரம் ரெண்டு எட்டு சுத்திப் போறதுதான் மொத்தத்துல எல்லாருக்கும் வேகம்.

இந்த நெட்வொர்க்க சிடிஎன்னுன்னே (content delivery network) நெறைய பேர் நெனைக்கிறாங்க, ஆனா சிடிஎன்ல ஒரு கம்பெனி தன் சர்வர்கள தனியா கொண்டு வந்து வைக்குது, இங்க நடுவுல நிக்கிற ரவுட்டரே காப்பி வச்சுக்குது.