ஏழரை லட்சமும் ஒரு சாணும்

வணக்கம் சார்,

போன மாதம் ஒரு குறிப்பில் "பிஒய்டி சீல் காரை விற்றுவிட்டு டியாகோ ஈவி வாங்கிவிட்டேன்" என்று ஒரே வரி எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். பெரிய சீன மின்சார காரைக் கொடுத்துவிட்டு டாடாவின் குட்டி மின்சார காரா என்று நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். ஏனென்றால் நீங்கள் விற்ற அதே சீல் வண்டியை, அதுவும் அதில் விலை கூடின பெர்ஃபார்மன்ஸ் மாடலையே, புக் பண்ணலாம் என்று இருக்கிறேன். கோவையில் தொழில். மாதம் இரண்டு தடவை சென்னை வரவேண்டியிருக்கும். அப்பாவுக்கு 74 வயது, பல சமயம் அவரும் கூட வருவார். தப்பாக நினைக்காதீர்கள், ஏதாவது பணக் கஷ்டமா? இல்லை வண்டியில் கோளாறா? அதை ஓட்டிய காலால் இதை எப்படி ஓட்ட முடிகிறது? வேகம் மிஸ் ஆகவில்லையா? அப்புறம், எவ்வளவுக்கு விற்றீர்கள்?

பெயர் வெளியிட வேண்டாம்.
ஒரு வாசகர், கோவை

*

அன்புள்ள நண்பருக்கு,

பணக் கஷ்டமா என்று கேட்டதில் எனக்குக் கோபமில்லை. உங்களுக்கு முன்னாலேயே ஒரு கூட்டம் கேட்டு முடித்துவிட்டது. சின்ன வண்டி வீட்டுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா போன் பண்ணினார். மழை, முட்டிவலி, பேரனின் பள்ளிக்கூட ஃபீஸ் எல்லாம் பேசிவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தி, "எல்லாம் நல்லாத்தானேப்பா இருக்கு?" என்றார். இருக்கு சித்தப்பா என்றேன். நம்பவில்லை. அடுத்த வாரம் ஒரு கல்யாண மண்டபத்தில், ஆறு மாதம் முன்பு ஓடி வந்து கயிற்றை அவிழ்த்து வாசலுக்கு நேராக இடம் விட்ட அதே செக்யூரிட்டி, இந்தத் தடவை விசிலை வாயிலிருந்து எடுக்காமலேயே பின்பக்கம் ஜெனரேட்டர் ஓரமாகக் கையைக் காட்டினார். வலித்தது. இல்லையென்று சொன்னால் பொய். ஜெனரேட்டர் புகையை முகர்ந்துகொண்டு ரிவர்ஸ் எடுத்தபோது, இதற்காகவா அதை விற்றோம் என்று ஒரு நிமிஷம் தோன்றத்தான் செய்தது.

கோளாறும் கிடையாது. பதினான்கு மாதம், பதினோராயிரம் கிலோமீட்டர், ஒரு நாள்கூட நடுவழியில் விட்டதில்லை. அருமையான வண்டி. வாங்கின ஆள்தான் கொஞ்சம் யோசித்திருக்கலாம். எழுதிச் சம்பாதித்த காசில்லை அது, தமிழில் எழுதி அந்த வண்டியின் ஒரு டயர் வாங்கலாம், அவ்வளவுதான். இருபத்தைந்து வருடம் பார்த்த வேலையை விட்டபோது வந்த தொகையில் ஒரு பகுதி. 2024 மார்ச்சில் அந்த வண்டி இங்கே வந்தது, பெர்ஃபார்மன்ஸ் மாடல் ஷோரூம் விலை 53 லட்சம். வீட்டில் சம்மதம் வாங்க நான் போட்ட கணக்கைச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேல் போகும் பெட்ரோல் காருக்கு ஆயுள்கால வரி 20 சதவீதம், மின்சார வண்டிக்கு அப்போது வரி இல்லை, ஆக இதை வாங்கினால் பத்தரை லட்சம் மிச்சம். மிச்சம் பிடிப்பதற்காகவே 53 லட்சம் செலவு செய்கிற குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

530 குதிரை. நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட 3.8 விநாடி. வாங்கின புதிதில் யார் வீட்டுக்கு வந்தாலும் இசிஆருக்குக் கூட்டிப்போய் ஒரு அழுத்து அழுத்திக் காட்டுவது என் வழக்கம். கோவளம் தாண்டி ரோடு கொஞ்சம் காலியாகும் இடத்தில், "தலையை சீட்டில் சாய்ச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு மிதிப்பேன். இரண்டே முக்கால் விநாடி ஆனந்தம், அதற்குள் முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ வந்துவிடும். நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ, அக்கா மகன் சற்று முன்பு தின்ற மிளகாய் பஜ்ஜியை முன் சீட்டின் முதுகில் எடுத்துவிட்டான். அந்த வாசம் போக மூன்று வாரம் ஆயிற்று. அதோடு அந்தக் கண்காட்சி முடிந்தது. யோசித்துப் பாருங்கள், 2023 நவம்பரில் சென்னைப் போக்குவரத்துப் போலீஸ் அறிவித்த வேக வரம்பு காருக்கு 60, குடியிருப்புத் தெருக்களில் 30. இந்த வண்டியை நின்ற இடத்திலிருந்து முழுசாக மிதித்தால் இரண்டு விநாடிச் சொச்சத்தில் சட்டத்தை மீறியாகிவிடும்.

சரி, அதைக்கூட விடுங்கள். என்னை அசைத்தது வேகத்தடை.

ரோடு போடுவதற்கு விதி வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பின் கணக்குப்படி வேகத்தடை என்பது பத்து சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம், மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும் ஒரு மேடு. அப்படி ஒன்றை எங்கள் பேட்டையில் நான் பார்த்ததில்லை. இங்கே ரோடு போட வருகிற அன்றைக்கு மிச்சம் விழுகிற தாரைக் கொட்டி, மேஸ்திரி கண்ணளவில் குவித்துவிட்டுப் போகிறார்கள். வீட்டிலிருந்து மெயின் ரோடு வருவதற்குள் ஒன்பது. அந்த வண்டிக்குத் தரையிலிருந்து அடிவயிறு 15 சென்டிமீட்டர்கூட இல்லை, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 2.92 மீட்டர் தூரம். முன் சக்கரம் மேட்டைத் தாண்டி இறங்கியிருக்கும், பின் சக்கரம் இன்னும் ஏறியிருக்காது, நடுவில் அந்த நீளமான வயிறு, அதற்குள் முழுக்க பேட்டரி. மூன்றாவது வேகத்தடையில், இஸ்திரி போடும் வண்டிக்கு எதிரே, முதல் தடவை அந்தச் சத்தம் கேட்டது. தேங்காயைத் திருகும்போது மனை வழுக்கினால் வருமே, அந்த மாதிரி. இறங்கிக் குனிந்து பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை, கீழ்த் தகட்டில் ஒரு கோடு. அன்றிலிருந்து ஒன்பது மேட்டையும் மனப்பாடம் பண்ணி, எதை எந்தப் பக்கமாகச் சாய்த்து ஏற்ற வேண்டும் என்று கணக்கு வைத்து, நான் குறுக்கே திரும்பும்போது பின்னால் வருகிற அத்தனை பைக்கும் ஹாரன் அடிக்க, தினமும் ஒரு சாமி புறப்பாடு நடத்திக்கொண்டிருந்தேன். டியாகோ தரையிலிருந்து பெரிய உயரம் ஒன்றுமில்லை, இரண்டு சென்டிமீட்டர் கூடுதல் இருக்கலாம். ஆனால் சக்கரங்களுக்கு நடுவே 2.4 மீட்டர்தான். குட்டை வண்டி, ஏறி இறங்கிப் போய்விடுகிறது. அந்த மேடுகள் இருப்பதே இப்போது மறந்துவிட்டது.

அப்புறம் பார்க்கிங். எங்கள் அபார்ட்மெண்டில் ஒரு காருக்கு இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம், ரெண்டு பக்கமும் தூண். அந்த வண்டியின் அகலம் 1875 மில்லிமீட்டர், கண்ணாடியைச் சேர்க்காமல். நட்ட நடுவில் நிறுத்தினால் பக்கத்துக்கு 31 சென்டிமீட்டர் மிஞ்சும். அதற்குள் கதவைத் திறந்து, வயிற்றை எக்கி, செருப்பு ஒன்று உள்ளே ஒன்று வெளியே என்று ஒரு மனிதன் வெளிவர வேண்டும். சின்ன வண்டி 1677. இருபது சென்டிமீட்டர் வித்தியாசம், சுமாராக ஒரு சாண். அந்த ஒரு சாண் கிடைத்தபிறகு நான் காரிலிருந்து மனுஷன் மாதிரி இறங்குகிறேன். நீளத்தில் மிஞ்சின ஒரு மீட்டரில் மேல்வீட்டுப் பையன் சொல்லாமல் கொள்ளாமல் ஸ்கூட்டியை நிறுத்த ஆரம்பித்துவிட்டான், அது வேறு பஞ்சாயத்து.

அம்மா விஷயத்தைச் சொல்லவேண்டும், உங்கள் அப்பா காரணமாக. அம்மாவுக்கு 78. ரெண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது. சீல் தாழ்வான வண்டி, பின் சீட்டில் அடியிலேயே பேட்டரி இருப்பதால் கால் வைக்கும் தளம் மேலே வந்து முட்டி தூக்கிக்கொள்ளும். உள்ளே போவது சுலபம், விழுந்தால் போதும். வெளியே வர, அம்மா முதலில் வலது கையால் முன் சீட்டைப் பிடிப்பாள், அப்புறம் காலைத் திருப்பி வெளியே வைப்பாள், ஒரு மூச்சு, அப்புறம் என் கை, அப்புறம் "முருகா". ஒருநாள் கபாலி கோயில் வாசலில் இப்படி நாலு தவணையில் வெளியே வந்து நின்று, புடவையைச் சரிபண்ணிக்கொண்டே, "கெணத்துக்குள்ளேர்ந்து ஏறி வர்ற மாதிரி இருக்குடா, எவ்வளவு குடுத்து வாங்கின?" என்றாள். நான் விலையைக் குறைத்துத்தான் சொல்லியிருந்தேன். அதையும் மறுபடி சொல்ல வாய் வரவில்லை.

அதன்பிறகு ஆஸ்பத்திரி, கோயில் என்றால் அம்மா ஆட்டோ கேட்க ஆரம்பித்தாள். 53 லட்ச ரூபாய் வண்டி கீழே நிற்க, நான் செயலியில் ஆட்டோ புக் பண்ணிக்கொண்டிருந்தேன். விற்கலாம் என்ற எண்ணம் வந்தது அப்போதுதான்.

இனி நீங்கள் கேட்ட முக்கியமான கேள்வி, அதை ஓட்டிவிட்டு இதை எப்படி ஓட்டுவது. எனக்கும் அந்தப் பயம் இருந்தது. அதன் 530 குதிரை எங்கே, இதன் 75 எங்கே. ஆனால் மின்மோட்டாரின் குணம் ஒன்று உண்டு, நின்ற இடத்திலேயே அதன் முழு இழுவையும் கிடைத்துவிடும். பெட்ரோல் டியாகோவின் டார்க், அதாவது இழுவை, 113 நியூட்டன் மீட்டர், மின்சார டியாகோவுக்கு 114. காகிதத்தில் ஒன்றேதான். ஆனால் பெட்ரோல் எஞ்சின் அந்த 113-ஐத் தர நிமிஷத்துக்கு 3300 சுற்று வரை முக்கிக்கொண்டு வரவேண்டும், இது சிக்னல் பச்சையான அந்தக் கணமே கொடுத்துவிடுகிறது. அறுபதைத் தொட 5.7 விநாடி. ஊருக்குள் உங்களுக்கு வேண்டியது இந்தப் பூஜ்யத்திலிருந்து நாற்பது வரைக்குமான துள்ளல்தான், துரைசாமி சப்வேயிலிருந்து மேலே ஏறும்போது, யு டர்ன் அடித்து பஸ் வருவதற்குள் நுழையும்போது. பெரிய வண்டியில் எனக்குப் பிடித்திருந்ததில் முக்கால்வாசி அந்தத் துள்ளல்தான் என்பது சின்ன வண்டிக்கு மாறியபிறகுதான் தெரிந்தது. மீதிக் கால்வாசியை உபயோகிக்க எனக்கு ரோடு கிடைத்ததில்லை.

பேட்டரியும் அப்படித்தான். என் தினசரி ஓட்டம் முப்பது கிலோமீட்டர். அந்த வண்டி என் கையில் யூனிட்டுக்கு ஆறு கிலோமீட்டர் கொடுத்தது, ஆக ஒரு நாளைக்கு ஐந்து யூனிட் போதும். நான் சுமந்து திரிந்ததோ 82 யூனிட் பேட்டரி, 2185 கிலோ வண்டி. கல்யாண அண்டாவில் தினமும் ரெண்டு பேருக்கு ரசம் வைக்கிற கதை. இப்போது 24 யூனிட், ஏசிக்குப் போடுவோமே 15 ஆம்ப் பிளக், அதில் ராத்திரி மாட்டினால் காலையில் நிரம்பியிருக்கிறது. யூனிட்டுக்கு எட்டு கிலோமீட்டர் வரை கொடுக்கிறது, ஏசி போட்டுக்கொண்டே.

இழந்தது இல்லையா என்றால், இருக்கிறது. நெடுஞ்சாலையில் இந்த வண்டி 80 வரை சமர்த்து, அதற்கு மேல் காற்றுச் சத்தம், லாரி தாண்டும்போது ஒரு உலுக்கல். தொண்ணூறில் போகும்போது ஓவர்டேக் பண்ண மிதித்தால், யோசித்துச் சொல்கிறேன் என்கிற மாதிரி நகரும். சீலில் ஒன்பது ஏர்பேக், யூரோ என்கேப் என்கிற விபத்துச் சோதனையில் ஐந்து நட்சத்திரம். நான் வாங்கின டியாகோவில் ஏர்பேக் இரண்டு. பெட்ரோல் டியாகோ 2020-இல் குளோபல் என்கேப்பில் நாலு நட்சத்திரம் வாங்கியது, சரிதான், ஆனாலும் ஒன்பதும் இரண்டும் ஒன்றில்லை. இதை நான் அடிக்கடி நினைக்கிறேன். பாண்டிச்சேரி, காஞ்சிபுரம் வரைக்கும்தான் இதில் போவது. திருச்சிக்கு மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ், ராத்திரி ஏறிப் படுத்தால் விடிகாலை இறங்கலாம். வேகத்தை மிஸ் பண்ணுகிறேனா? ஒரே இடத்தில். பரனூர் டோலில் தடுப்பு தூக்கினதும் முன்னால் ரோடு காலியாக விரியும் பாருங்கள், அங்கே வலது கால் இன்னமும் பழைய ஞாபகத்தில் மிதிக்கிறது. வண்டி தன் பாட்டுக்குப் போகிறது.

ஆனால் நண்பரே, என் கதை உங்களுக்குப் பொருந்தாது. மாதம் இரண்டு தடவை கோவை, சென்னை என்றால் போக வர ஆயிரம் கிலோமீட்டர். டியாகோவில் போனால் பத்து முதல் எண்பது சதவீதம் சார்ஜ் ஏற ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம், நீங்கள் கிருஷ்ணகிரியிலேயே பாதி வாழ்க்கையைக் கழிப்பீர்கள். உங்களுக்குப் பெரிய வண்டிதான். நான் சொல்ல வருவது பெர்ஃபார்மன்ஸ் மாடல் வேண்டாம் என்பது மட்டும். அதற்குக் கீழே பிரீமியம் என்று ஒன்று வந்தது, நான் வாங்கியபோது 45.55 லட்சம். அதே 82.56 யூனிட் பேட்டரி. மோட்டார் ஒன்று குறைவு, பின் சக்கரம் மட்டும் இழுக்கும், 313 குதிரை, நூறைத் தொட 5.9 விநாடி. அவர்கள் சொல்கிற ரேஞ்ச், அதாவது ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரம், அதில் 650 கிலோமீட்டர், பெர்ஃபார்மன்ஸில் 580. அதாவது 2.1 விநாடிக்காக நீங்கள் எழுபது கிலோமீட்டரையும் விட்டுவிட்டுக் கிட்டத்தட்ட ஏழரை லட்சமும் கொடுக்கிறீர்கள். ஏழரை என்ற எண்ணைப் பார்த்தபோதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும், எங்கள் வீட்டு ஜோசியர் அந்த வருஷம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அதே 2024-இல் டியாகோ ஈவியின் ஆரம்ப விலை 7.99 லட்சம். இன்னும் கொஞ்சம் போட்டால் கோவைக்குள் ஓட்ட ஒரு குட்டி வண்டியும் சேர்ந்து வந்திருக்கும்.

எவ்வளவுக்கு விற்றேன் என்பதை மட்டும் விட்டுவிடுங்கள். வீட்டில் இந்தத் தளத்தைப் படிக்கிறார்கள்.

இன்றைய விலை என்ன, எந்த மாடலில் என்ன இருக்கிறது என்பதை ஷோரூமில் கேட்டுக்கொள்ளுங்கள், நான் சொன்னது என் காலத்துக் கணக்கு. டெஸ்ட் டிரைவுக்கு அப்பாவைக் கட்டாயம் கூட்டிப்போங்கள். முன் சீட்டில் வேண்டாம், பின்னால் உட்கார வைத்து அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, யாரும் கை கொடுக்காமல் இறங்கச் சொல்லிப் பாருங்கள். அப்படியே வண்டியை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து உங்கள் பார்க்கிங்கில் ஒரு தடவை நிறுத்திக் கதவைத் திறந்தும் பார்த்துவிடுங்கள். வாங்குகிற வரைக்கும் அவர்கள் எதற்கும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள்.